பேசிய பிறகு இலக்கணம்

அன்புள்ள மருமகளுக்கு,

பி.எட். பயிற்சிக்கு ஜெயமங்கலம் பள்ளி கிடைத்ததாமே, அக்கா சொன்னாள். கல்லூரியில் ‘ஆங்கிலம் பேச வைத்தால் போதும், இலக்கணம் வேண்டாம்’ என்கிறார்கள். பள்ளியிலோ ‘ஆக்டிவ், பாசிவ் முடித்தாச்சா?’ என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்கிறாய்.

இது நம் பக்கத்துப் பழைய வழக்கு. 1950-களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆங்கில வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாயில் பழக்கும் முறையை ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் மனம் நிறையாமல்தான் ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979-ல் பெங்களூரில் தன் சோதனையைத் தொடங்கினார். 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சில பள்ளிகளில் நடந்தது. இலக்கண வரிசையே கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் என்று யோசித்தால்தான் விடை வரும் வேலைகள். ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து செய்வார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். பொருளில் மனம் ஊன்றினால் இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கட்சி. (உங்கள் கல்லூரியில் கொண்டாடுகிற குழு வேலையை அவர் விரும்பவில்லை. ஒருவர் தப்பு அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற கவலை.)

பிரபு பாதி சரி என்பேன். வேலை முதலில் வர வேண்டும் என்பது சரி. ஆனால் ஜெயமங்கலத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு பீரியடை விட்டால் ஆங்கிலம் காதில் விழுவது அபூர்வம். தானாகப் படிய அவ்வளவு கேள்வி ஞானம் எங்கே?

ஒன்று செய்து பார். மதுரையிலிருந்து பெரியப்பா காலை ரயிலில் தேனிக்கு வருகிறார். பெரியகுளம் வழியாக பஸ்ஸில் ஊருக்கு எப்போது வந்து சேருவார்? அட்டவணையைப் பார்த்துச் சொல்லட்டும். ‘தி ட்ரெயின் ஹேஸ் கம் அட் நைன்’ என்று ஒருவன் சொல்வான். கணக்கு சரியென்றால் முதலில் அதை ஏற்றுக்கொள். வேலை முடிந்ததும் போர்டில் இரண்டு வரி எழுது: ‘தி ட்ரெயின் ஹேஸ் கம்’, ‘தி ட்ரெயின் கேம் அட் நைன்’. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டால் எதைச் சொல்வாய்? ‘எப்போ வந்துச்சு?’ என்று கேட்டால் எது பதில்? ‘வந்தாச்சு’, ‘ஒன்பதுக்கு வந்துச்சு’ இரண்டும் வேறு என்று அவனுக்குத் தெரியும். நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’ வராது என்பதைத் தமிழிலேயே விளக்கு. ஐந்து நிமிஷம் போதும்.

பாசிவும் அப்படித்தான். ரயில் ரத்து என்ற அறிவிப்பில் யார் ரத்து செய்தார் என்பது இருக்காது. பயணிக்கு அது வேண்டியதும் இல்லை. அந்த அறிவிப்பை எழுதச் சொல். ‘ராமா கில்டு ராவணா’வைத் திருப்பிப் போடுவதைப் பரீட்சைக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இலக்கணத்தைத் தள்ளச் சொல்கிறவர்கள் 1980-ல் மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் கனேலும் ஸ்வெயினும் எழுதியதைப் பார்க்கட்டும். தொடர்புத் திறனுக்குள் அவர்கள் முதலில் வைத்ததே இலக்கணத் திறனைத்தான்.

அட்டவணையை மட்டும் பழசிலிருந்து காப்பியடிக்காதே. 2022-ல் தேனிக்கும், மறு வருஷம் போடிக்கும் அகலப்பாதையில் ரயில் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஸ்டேஷனில் பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா