இருதயத்தின் கதவுகள்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

திரு இருதய ஆண்டவரின் படத்தின் முன் நின்று செபித்த பிறகே நம் பள்ளியில் ஒவ்வொரு நாளும் பாடம் தொடங்குகிறது. ஆனால் நம் மார்புக்கூட்டுக்குள் இரவும் பகலும் ஓயாது உழைக்கும் இருதயத்தை நாம் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? மாமல்லபுரம் சுற்றுலா செல்லும்வரை நாங்களும் எண்ணியதில்லை.

அன்று கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள பாறைமேல் ஏறினோம். எங்களுள் ஒருத்தி பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. அவள் கடலோரக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள்; அலையில் நீந்துபவள். "சோம்பேறி!" என்று நாங்கள் கேலி செய்தோம். சில நாள்களில் மருத்துவர் அவளைப் பரிசோதித்து, இருதய வால்வு ஒழுகுகிறது என்றார். எங்கள் கேலியை நினைத்து நாங்கள் வெட்கினோம். அவளது சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

வால்வு என்பது யாது?

இருதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு, வால்வுகள் நான்கு. வால்வு என்பது ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவு. இரத்தம் முன்னே செல்லலாம், பின்னே திரும்பலாகாது. நுரையீரலிலிருந்து வரும் தூய இரத்தம் இடது மேலறையிலிருந்து இடது கீழறைக்கு ஈரிதழ் வால்வின் வழியே இறங்குகிறது. இதனை மிட்ரல் வால்வு என்றும் கூறுவர். கட்டுமரத்தின் பாயைக் கயிறு இழுத்துப் பிடிப்பதுபோல, இதன் இதழ்களை மெல்லிய நாண்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. அப்படியானால் ஒரு நாளில் இந்தக் கதவுகள் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன! நாம் கேட்கும் 'லப்-டப்' ஓசை இக்கதவுகள் மூடும் ஓசையே.

ஒழுகினால் என்ன ஆகும்?

நம் செங்கற்பட்டுச் சிற்றூர்களில் அடிபம்பைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டால் ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு கீழேயே இறங்கிவிடும். எத்தனை முறை அடித்தாலும் குடம் நிறையாது. அடிக்கும் கைதான் களைக்கும். ஒழுகும் வால்வின் கதையும் இதுவே. கீழறை சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. அதையும் சேர்த்து மறுபடி இறைக்க வேண்டியிருப்பதால் கீழறை நாளடைவில் விரிந்து தளர்கிறது. மேலறையில் தேங்கும் இரத்தம் நுரையீரலை அழுத்துகிறது. அதனால்தான் படியேறும்போது மூச்சு இரைக்கிறது. நோய் முற்றினால் மல்லாந்து படுக்க முடியாது. இரவில் இருமலும், காலில் வீக்கமும் வரும். சிலருக்கு ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் இருப்பதில்லை.

காரணம் தொண்டையில்!

பிறவிக் குறை, முதுமை, மாரடைப்பு எனக் காரணங்கள் பல. ஆனால் நம் நாட்டுப் பிள்ளைகளிடம் முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைப் புண்ணாக்குகிறது. தொண்டை வலி நின்று இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கி வலிக்கும், அது தணிய, கணுக்காலில் வலிக்கும், பிறகு முழங்கையில். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், வால்வின் திசுக்களையும் பகையென்று தவறாக எண்ணித் தாக்குவதே காரணம். ஐந்து முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களையே இது பெரிதும் பிடிக்கிறது. இடநெருக்கடியான வீடுகளில் கிருமி எளிதில் பரவும்.

எங்கள் தோழிக்கு எட்டு வயதில் இப்படித்தான் வந்தது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். அப்பா கடலுக்குப் போய்விடுவார். அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. "ஊசி போட்டா ரெண்டு நாளு இடுப்பு வலிக்குதுன்னு அழுவா சிஸ்டர். நல்லாத்தானே ஓடியாடுறான்னு விட்டுட்டோம்" என்று அந்த அம்மா கண்ணீர் விட்டார். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஊசியை நிறுத்தியதே ஆபத்தாயிற்று. தொண்டைப் புண் வரும்போதெல்லாம் காய்ச்சல் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடலாம்.

கண்டறியும் முறை

1816-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் லாயனெக் என்னும் மருத்துவர், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். ஓசை தெளிவாகக் கேட்டது. அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. வால்வு ஒழுகினால் 'லப்-டப்' ஓசைகளுக்கு இடையே காற்று வீசுவதுபோல 'உஸ்' என்னும் முணுமுணுப்புக் கேட்கும்.

ஒழுக்கு எவ்வளவு என்று அறிய எக்கோ பரிசோதனை உதவுகிறது. சுவீடனைச் சேர்ந்த எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-இல் கேளா ஒலியைக் கொண்டு இருதயத்தை ஆராயத் தொடங்கினர். இதில் ஊசியில்லை, வலியில்லை. திரையில் இதழ்கள் மூடுவதையும், பின்னோக்கிப் பீச்சும் இரத்தம் பல நிறமாகத் தெரிவதையும் எங்கள் தோழி தானே பார்த்தாளாம்!

சிகிச்சை

சிறிய ஒழுக்கானால் கண்காணிப்பே போதும். மிகுந்தால் உடலில் தேங்கும் நீரை வெளியேற்றவும், இருதயத்தின் பாரத்தைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு. ஆனால் மருந்து கதவைச் செப்பனிடாது. ஒழுக்கு கடுமையானால் அறுவைச் சிகிச்சை தேவை. முடிந்தவரை சொந்த வால்வையே வளையம் பொருத்திச் சீர்செய்வர். முடியாவிட்டால் செயற்கை வால்வு வைப்பர்.

இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. அயல்நாட்டு வால்வுகளின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு செய்ய முயன்றனர். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. அவர்கள் தளரவில்லை. நான்காவது வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதுவே டி.டி.கே. சித்திரா வால்வு. தேர்வில் ஒருமுறை தோற்று அழும் நமக்கு இது பாடமல்லவா?

உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் சிறிதுமின்றியும் உண்டால் மாத்திரையின் வேலை மாறும். அளவோடு ஒரே சீராக உண்ண வேண்டும். அம்மாத்திரை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், இளம்பெண்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்கள் மிகவும் யோசித்தே முடிவு செய்கின்றனர். தகுதியுள்ள குடும்பங்களுக்கு 2012-இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருதய அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. காய்ச்சலோடு தொண்டை வலித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் தரும் மருந்தை முழுவதும் உண்ண வேண்டும்.

2. மூட்டு வலி இடம் மாறி வந்தால் 'வளர்கிற வயசு' என்று தள்ளிவிடக் கூடாது.

3. பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் ஆண்டுவரை நிறுத்தக் கூடாது. வால்வு கெட்டவர்களுள் சிலருக்கு நாற்பது வயதுவரை கூடத் தேவைப்படும்.

4. பல்லைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து பழுதுபட்ட வால்வில் தங்கிவிடலாம்.

எங்கள் தோழிக்கு இப்போது அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் கூறியுள்ளார். ஊசி தவறக் கூடாது என்பதே அவரது கட்டளை. எங்கள் வகுப்பு நாட்காட்டியில் மூன்று வாரத்திற்கு ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறோம். அன்று அம்மா வர இயலாவிட்டால் சிஸ்டர் ஒருவர் அவளை அழைத்துச் செல்கிறார். அவள் தவறவிடும் பாடத்தை எங்களுள் ஒருத்தி எழுதி வைக்கிறாள். இதுவரை ஒரு வட்டமும் தவறவில்லை.

பெற்றோர்களே, தோழியரே! மூச்சு இரைத்து உட்கார்ந்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அவள் இருதயத்தின் கதவுகளை ஒரு மருத்துவர் கேட்கட்டும்.