வீட்டு மலக்கழிவுத் தாங்கி: பகுதிகளும் பராமரிப்பும்

நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கொழும்பு போன்ற சில இடங்களிலேயே உண்டு. ஏனைய இடங்களில் மலக்கழிவு வீட்டு வளவிலேயே அகற்றப்படுகிறது. எனவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டுமன்றி உங்கள் கிணற்று நீரின் பாதுகாப்புக்கும் உரியது.

பிரதான பகுதிகள்

1. உட்செல் குழாய்: கழிவைத் தாங்கிக்குள் கொண்டுவரும். இதன் முனை கீழ்நோக்கி இருப்பதால் உள்ளே படிந்தவை கலங்குவதில்லை.
2. முதலாம் அறை: இங்கு கழிவு மூன்று படைகளாகப் பிரியும். மேலே எண்ணெய்த்தன்மையான நுரைப்படை, நடுவே கழிவுநீர், அடியில் சேறு.
3. இரண்டாம் அறை: எஞ்சிய திண்மங்கள் படியும் இடம்.
4. வெளிச்செல் குழாய்: நடுப்படை நீரை மாத்திரம் வெளியேற்றும்.
5. வாயுக்குழாய்: வாயுக்களை உயரத்தில் வெளிவிடும். நுளம்பு புகாதவாறு இதன் வாயில் வலை கட்டப்பட வேண்டும்.
6. ஊறுகுழி: வெளியேறும் நீரை மண்ணுக்குள் ஊறச்செய்யும்.

தொழிற்படும் விதம்

ஒட்சிசன் இன்றி வாழும் பற்றீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியைப் பிரிகையாக்கும். அப்போது மெதேன், காபனீரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்கள் உண்டாகும். வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் சுத்தமானதன்று. அதில் நோய்க்கிருமிகளும் நைதரசன் சேர்வைகளும் உண்டு.

பராமரிப்பு

• பொதுவாக 3 – 5 வருடங்களுக்கு ஒருமுறை, அல்லது சேறும் நுரையும் தாங்கியின் மூன்றிலொரு பங்கை அடையும்போது, கலி பவுசர் மூலம் அகற்றுவித்தல்.
• அமிலம், கிருமிநாசினி என்பவற்றை அளவுக்கதிகமாக ஊற்றாதிருத்தல். இவை பற்றீரியாக்களைக் கொல்லும்.
• துணி, பொலித்தீன், சமையல் எண்ணெய் என்பவற்றைப் போடாதிருத்தல்.
• கூரையிலிருந்து வடியும் மழைநீரைத் தாங்கிக்குள் விடாதிருத்தல்.

எச்சரிக்கை: திறந்த தாங்கிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது. நச்சு வாயுவும் ஒட்சிசன் குறைவும் சில கணங்களில் மயக்கத்தை ஏற்படுத்தும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் உயிரிழக்க நேரிடும். மெதேன் எரியக்கூடியதாகையால் அருகில் தீக்குச்சியும் பற்றவைக்கக் கூடாது.

மாதிரி வினா

“எங்கள் குழி இருபது வருடமாக நிறையவே இல்லை” என யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவர் பெருமையாகக் கூறுகிறார். இது நல்ல அறிகுறியா? விளக்குக.

விடை: இல்லை. அடித்தளம் பூசப்படாத குழியிலிருந்து கழிவுநீர் நேரே நிலத்துள் இறங்குகின்றது என்பதையே இது காட்டும். யாழ். குடாநாட்டின் நிலக்கீழ்நீர் சுண்ணாம்புக்கல்லில் தங்கியுள்ளது. அக்கல்லின் வெடிப்புகள், துவாரங்கள் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையலாம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி (ஏறத்தாழ 15 மீற்றர்) தூரம் வேண்டுமெனப் பொதுவாகக் கூறுவர். எனினும் இத்தகைய நிலத்தில் தூரம் மட்டும் போதாது. தாங்கியின் அடியும் சுவர்களும் நீர் கசியாதவாறு சீமெந்தினால் பூசப்படல் வேண்டும்.

கழிவிலுள்ள நைதரசன், நைத்திரேற்றாக மாறி நீரில் கலக்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகையான நைத்திரேற்று, புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கு நீலக்குழந்தை நோயை ஏற்படுத்தலாம்.

நினைவிற் கொள்க: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். “கொதிக்கவைத்துப் பருகுதல்” என்று மட்டும் எழுதி விடையை முடித்துவிடாதீர்கள்.