ஆமணக்கும் ஆகாய விமானமும்

நெல்மூட்டை சுமந்த நாஞ்சில் நாட்டு மாட்டுவண்டிகளின் அச்சுக்கு, வைக்கோற்கரி குழைத்த ஆமணக்கெண்ணெயே மசகு. முதல் உலகப்போர்க் கால விமானங்கள் பலவும் அவ்வெண்ணெயை நம்பியே பறந்தன. அது பெட்ரோலில் எளிதில் கரையாது. ஜெட் எந்திரம் வந்தபின் அது போதவில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ −50 பாகை செல்சியஸ். உள்ளேயோ, நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் விசையாழித் தண்டைத் தாங்கும் உருளைகளுக்கிடையே ஓடும் எண்ணெய் 150 பாகையையும் தாண்டும். கனிம எண்ணெய் அக்குளிரில் கெட்டிப்படும். அவ்வெப்பத்தில் கரிந்து குழாயை அடைக்கும். எண்ணெய் வராவிடில் உருளைகள் தேய்ந்து இறுகும். பறக்கும்போதே எந்திரம் நின்றுவிடும். எனவே, அமிலத்தையும் ஆல்ககாலையும் வினைப்படுத்தி எஸ்டர் எண்ணெய்களை உருவாக்கினர். செயற்கை என்னும் பெயர் கண்டு மயங்க வேண்டா. அவற்றுள் தொடக்ககாலத்தவை சிலவற்றுக்கு வேண்டிய செபாசிக் அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்தே பெறப்பட்டது.