எழுதப்பட்ட சட்டம்: ரோமானியப் பொதுமக்கள் பெற்ற உரிமை

பண்டைய ரோமாபுரியில் கி.மு. 509-ஆம் ஆண்டில் மன்னராட்சி நீங்கிக் குடியாட்சி மலர்ந்தது என்பது ரோமானியர் மரபு. ஆண்டுதோறும் இருவர் 'கான்சல்' என்னும் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் செயலை மற்றவர் தடுக்கலாம். அவர்களுக்கு அறிவுரை கூறச் 'செனட்' என்னும் மூத்தோர் அவை இருந்தது.

ஆயினும், அதிகாரம் 'பெட்ரீசியர்' எனப்பட்ட உயர்குடியினரிடமே தங்கியிருந்தது. உழவர், கைவினைஞர் முதலிய பொதுமக்கள் 'பிளீபியர்' எனப்பட்டனர். போர் மூண்டால் படையில் சேர்ந்து போரிட்டவர்களுள் பெரும்பாலோர் அவர்களே. திரும்பி வந்தால் பாழ்பட்ட நிலமும் பெருகிய கடனுமே அவர்களை எதிர்கொண்டன. கடனைத் தீர்க்க இயலாதவனைக் கடன் கொடுத்தவன் தளையிட்டு வேலை வாங்கலாம். சட்டமோ எழுத்தில் இல்லை. அதனை அறிந்தவரும் விளக்கியவரும் உயர்குடியினரே.

கி.மு. 494-இல் பொதுமக்கள் வாளேந்திப் போரிடவில்லை. நகரைவிட்டு வெளியேறி, மூன்று மைல் தொலைவிலிருந்த புனிதக் குன்றில் தங்கினர் என வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். நகரைக் காக்க ஆளின்றி அஞ்சிய செனட், மெனேனியஸ் அக்ரிப்பாவைத் தூதனுப்பியது. வயிற்றின்மீது சினந்து கையும் வாயும் வேலையை நிறுத்தியதால் உடல் முழுவதும் மெலிந்த கதையை அவர் எடுத்துரைத்தார். மக்கள் கதையை ஏற்றனர். எனினும், வெறுங்கையோடு திரும்பவில்லை. தங்களைக் காக்கத் தங்களுள்ளிருந்தே 'டிரிப்யூன்' என்னும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர். டிரிப்யூனைத் தீண்டுவது பெருங்குற்றம். முறையிட வருவோருக்காக அவருடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, சட்டத்தை எழுதி வைக்குமாறு மக்கள் வற்புறுத்தினர். கி.மு. 451–450-இல் பன்னிரண்டு பலகைகளில் சட்டம் பொறிக்கப்பட்டு, மக்கள் கூடும் மன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் கொடிய விதிகளும் இருந்தன. ஆயினும், விதி இன்னதென யாவரும் அறிந்தபின், நீதிபதி தம் விருப்பம்போல் அதை மாற்றியுரைப்பது அரிதாயிற்று. அறிந்த விதியையே திருத்தவும் கேட்கலாம். கி.மு. 326-இல் கடனடிமை முறை ஒழிந்தது. கி.மு. 287-இல் பொதுமக்கள் அவையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று.

இக்குடியாட்சியில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அடிமைகளுக்கோ எவ்வுரிமையும் இல்லை. இக்குறையை நாம் மறத்தலாகாது.

குன்றேறிய நாள்முதல் இவ்வெற்றி வரை கடந்தவை 207 ஆண்டுகள். ஒற்றுமை உரிமைக்கு வழி திறந்தது. எழுத்து அதனை நிலைநிறுத்தியது. நம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளை நாமே படித்தறிவது இன்றும் நமக்குக் காப்பாகும்.