அளந்து சொன்னால் போதுமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

ஊர்ச் சங்கம், கோயில், சலூன் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு இரத்த அழுத்த முகாம் நடத்தினால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. அளந்து சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்களிடமே இருப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ரொனால்டு விக்டர் என்ற மருத்துவர் டாலஸ் நகரில், கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 17 கடைகளில் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. முடிதிருத்துபவர்களே அளந்து, மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். பலன் இருந்தது, சொற்பம்தான். அவர் அதோடு விடவில்லை. 2018இல் வெளிவந்த அவரது லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் 52 கடைகள், 319 ஆண்கள். ஒரு பிரிவுக் கடைகளில் அதே அறிவுரை. மறு பிரிவில் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடைக்கே வந்தார். அவரவர் மருத்துவரின் ஒப்புதலோடு மாத்திரை தொடங்கினார், அளவைக் கூட்டினார். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் பிரிவில் சுமார் 9 புள்ளி குறைந்தது, இரண்டாவதில் 27. அழுத்தம் 130/80க்குக் கீழே வந்தவர்கள் முறையே 11.7 சதவீதம், 63.6 சதவீதம். அக்கறையோடு பேசும் முடிதிருத்துபவர் இரண்டு பிரிவிலும் இருந்தார் என்பதைக் கவனி.

அப்படியானால் மருந்தாளுநரே போதுமே, கடை எதற்கு என்பாய். ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது அதே கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். என் கணிப்பில் சூட்சுமமே அதுதான். இந்த ஆய்வு அதைத் தனியே பிரித்துச் சோதிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வலியோ காய்ச்சலோ இல்லாத நோய்க்கு எவரும் தாமாகத் திரும்பத் திரும்ப மருத்துவமனை வாசலேறுவதில்லை. முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது. மனிதர் வந்துகொண்டே இருக்கிறார். மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய முடிவெட்டும் இடைவெளிதான். சமூகத்திடம் நாம் கேட்டுப்பெற வேண்டியது இந்த ஓயாத வரவைத்தான். மேடையும் பதாகையும் தரும் சங்கத் தலைவரைவிட, மாதாமாதம் அதே முகங்களைப் பார்க்கும் ரேஷன் கடைக்காரர் உனக்கு உதவுவார். ஆண்டுக்கொரு முகாம் நடத்துகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை!

பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதே. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் அளந்து, பயிற்சி பெற்ற மருத்துவரிடம் சேர்ப்பித்த ஆய்வு 2020இல் வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட இரண்டு ஆண்டில் மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. முறையும் ஆட்களும் வேறு என்பதால் 27ஐயும் 5ஐயும் நேருக்குநேர் வைக்காதே. அங்கேயும் அளவீட்டின் மறுமுனையில் மருந்தெழுதும் ஒருவர் காத்திருந்தார். உன் திட்டத்தில் அவர் யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருவார், மாத்திரை எங்கிருந்து வரும்? அதை எழுதி அனுப்பு. பதாகை வாசகத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.