வீட்டுப் பத்திரத்தில் பிழை இருந்தால்

பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்குகிறோம். சாவி கைக்கு வந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பத்திரத்தில் ஓர் எண் மாறினாலும் வீட்டுக்கு ஆபத்து வரலாம். அந்தப் பிழையைத் திருத்த வழி உண்டா? உண்டு. அந்த வழியைத் தெரிந்துகொள்வோம்.

குத்தகை நிலத்தில் வீடு

தில்லியில் தில்லி வளர்ச்சி ஆணையம் ஏராளமான அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. இந்த ஆணையம் 1957-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மக்கள் இதை டி.டி.ஏ. என்று அழைக்கிறார்கள். இந்த வீடுகள் பலவற்றைக் குத்தகை முறையில்தான் மக்களுக்குக் கொடுத்தார்கள். அதாவது, வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தாலும் நிலம் குத்தகை நிலமே. நவி மும்பையிலும் சிட்கோ நிறுவனம் நிலத்தை 60 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது.

இது மாத வாடகை வீடு அல்ல. உரியவர் இறந்தால் வீடு வாரிசுகளுக்குப் போகும். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். அந்தப் பத்திரமே வீட்டு உரிமைக்கு முக்கிய ஆதாரம்.

ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னும் 4 மாதம் வரை வாய்ப்பு உண்டு. அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அபராதமும் கட்ட வேண்டும். அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் 10 மடங்கு வரை இருக்கலாம்.

47-ஆ? 74-ஆ?

சரசு என்று ஒரு பெண் தில்லியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு வேலை செய்து பிழைப்பவர். இரவு வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர். கணவர் பெயரில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு இருந்தது. கணவர் இறந்துவிட்டார். வீட்டை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

சரசு பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துப் புரியவில்லை. ஆனால் எண் புரிந்தது. வீட்டுக் கதவில் 47 என்று இருந்தது. பத்திரத்தில் 74 என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் எண்ணை மாற்றி அடித்துவிட்டார். 74-ஆம் எண் வீட்டில் வேறு ஒரு குடும்பம் வசிக்கிறது.

சரசு பதறினார். மகளை அழைத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனார்.

"வக்கீலம்மா, பேனாவால் 74-ஐ அடித்துவிட்டு 47 என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மா. பதிவான பத்திரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பதிவு அலுவலகத்தில் இதன் நகல் இருக்கிறது. நீங்கள் இதில் திருத்தினால், மோசடி செய்ததாகச் சொல்லிவிடுவார்கள்" என்றார் வழக்கறிஞர்.

"அப்படியானால் எங்கள் வீடு போய்விடுமா?"

"போகாது. இது எழுத்துப் பிழை. உங்கள் வீடு 47 என்பதற்கு வேறு காகிதங்கள் இருக்கும். அவற்றைத் தேடி எடுங்கள். பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம்."

சரசுவிடம் வீடு ஒதுக்கிய கடிதம் இருந்தது. வீட்டை ஒப்படைத்த கடிதம் இருந்தது. பணம் கட்டிய ரசீதுகளும் இருந்தன. எல்லாவற்றிலும் 47 என்றே இருந்தது. பழைய காகிதம் என்று அவர் எதையும் எறிந்துவிடவில்லை. அதுவே அவருக்குத் துணை ஆயிற்று.

பிழையைத் திருத்தும் வழி

1. முதலில் பதிவு அலுவலகத்தில் பணம் கட்டிப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்க வேண்டும். கையில் உள்ள பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். பத்திரம் சரியாக இருந்து, அலுவலகப் பதிவேட்டில் மட்டும் பிழை இருக்கலாம். அப்போது சார்பதிவாளரிடமும் மாவட்டப் பதிவாளரிடமும் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.

2. பத்திரத்திலேயே பிழை இருந்தால், குத்தகை கொடுத்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பிழை, சரியானது எது என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஆதாரங்களின் நகலை மட்டும் இணைக்க வேண்டும். மூலத்தைக் கொடுத்துவிடக் கூடாது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும்.

3. அவர்கள் ஒப்புக்கொண்டால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். குத்தகை கொடுத்தவர், பெற்றவர் என இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவர் இறந்திருந்தால் வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோரும் வாரிசுகளே. இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் அவரும் வாரிசு.

4. முதல் பத்திரம் பதிவான அலுவலகத்துக்கே போய் இதையும் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலுவலகத்தில் கேட்டு, ரசீது பெற்றுக் கட்ட வேண்டும்.

5. பிறகு இரண்டு பத்திரங்களையும் சேர்த்தே வைக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கும் இரண்டையும் காட்ட வேண்டும்.

மறுதரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இரு தரப்பும் அறியாமல் செய்த பிழையையும், மோசடியால் வந்த பிழையையும் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இந்த அதிகாரத்தைத் தருகிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம்.

பவர் பத்திரம் போதுமா?

தில்லியில் பலர் குத்தகை வீடுகளைப் பவர் பத்திரம் மூலம் வாங்கினார்கள். "இதுவே போதும்" என்று தரகர்கள் சொன்னார்கள். அது போதாது. பவர் பத்திரத்தால் வீட்டு உரிமை கைமாறாது என்று 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் பிழைதிருத்தல் பத்திரத்தால் சரி செய்ய முடியாது. உரிமையை மாற்றித் தரும் பத்திரம் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

தில்லியில் குத்தகை வீட்டை முழு உரிமை வீடாக மாற்றும் திட்டம் 1992-இல் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் முன்பும் பத்திரத்தில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்

பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், மாடி, பரப்பளவு, நான்கு எல்லை, தேதி, தொகை ஆகியவற்றைச் சரிபாருங்கள். மொழி தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எண்களை நீங்களே பாருங்கள். காலியிடம் விட்ட பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பதிவுக்கு முன் ஏதாவது அடித்துத் திருத்தினால், அந்த இடத்தில் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பிழையைக் கண்டால் தள்ளிப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கும்போதே திருத்துவது எளிது. இன்றே உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

விடை சொல்லுங்கள்

1. சரசு பிழையை எப்படிக் கண்டுபிடித்தார்?
2. பதிவான பத்திரத்தில் பேனாவால் திருத்தலாமா? ஏன்?
3. பிழைதிருத்தல் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?
4. உங்கள் வீட்டு எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா?