சதம் சொல்லும் கதை

தகரப் பெட்டியிலும் சாமித் தட்டிலும் கைவிட்டுப் பார்த்தால், இன்று எந்தக் கடையிலும் வாங்காத சில சதக் குத்திகள் அகப்படும். சதுரமாக ஒன்று, பூப்போல் வளைந்த விளிம்போடு இன்னொன்று. பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடுவார்கள். ஆனால் எங்கள் முன்னோர் நாள் முழுக்க உழைத்து வாங்கிய கூலி அந்தச் சதங்கள்தான். அதனால் அவற்றின் கதையைத் தெரிந்துகொள்வோம்.

சதம் என்றால் நூறு. ஒரு ரூபாயை நூறு பங்காக்கும் முறை இலங்கையில் 1872 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பவுண், சிலிங், பென்ஸ் என்று பல கணக்குகள் இருந்தன. இந்தியாவில் அணா கணக்கு நீங்கி நூறு பைசாக் கணக்கு வந்தது 1957இல்தான். அதாவது, 85 வருசம் நாம் முந்தி!

முதல் சதக் குத்திகளில் 1870 என்று பொறித்திருக்கும். அது தோட்டங்களில் கோப்பிக் காலம். கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என நான்கும் செம்பு. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் பனை இனத்து மரம். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் பெறுமதி எழுதியிருந்தது. வெள்ளியில் 10, 25, 50 சதங்கள் 1890களில் வந்தன.

செம்பு ஐந்து சதம் பெரிசு, கனமும் அதிகம். 1909இல் அதற்குப் பதிலாக, மூலை மழுங்கிய சதுரக் குத்தி வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளி போய், நிக்கல் கலந்த பித்தளை வந்தது. 1944இல் 2 சதமும் 10 சதமும் பூ விளிம்போடு வெளியாயின. இருட்டிலும் கண் தெரியாதவரும் விரலால் தடவியே இது ஐஞ்சு, இது பத்து என்று சொல்லிவிடலாம்.

எலிசபெத் மகாராணியின் தலை பதித்துப் புழக்கத்துக்கு வந்தது 2 சதம் மட்டுமே. 1963இல் அரச தலை நீங்கி நாட்டின் இலச்சினை வந்தது. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. 1978இல் 5 சதமும் 10 சதமும் அலுமினியமாயின. விலைவாசி ஏற ஏற, சதம் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போனது.

இனி நம்ம கணக்குக்கு வருவோம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, மலைநாட்டில் இப்படி இருந்தது:

ஆண்: 54 சதம்
பெண்: 43 சதம்
பிள்ளை: 32 சதம்

25 நாள் பேர் போட்டால் ஆணுக்கு 13 ரூபாய் 50 சதம். பெண்ணுக்கு 10 ரூபாய் 75 சதம். மாசத்துக்கு 2 ரூபாய் 75 சதம் குறைவு. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த கைக்குத்தான் இந்தக் குறைவு! நாளுக்குப் 11 சதம் என்றால் சின்னதாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பாரம் விளங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இல் தொழிலாளர் போராட்டத்துக்குப் பிறகே கிடைத்தது.

சதத்துக்கு இருந்த பலத்தை இன்னொரு சம்பவமும் காட்டும். 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. அவ்வருசம் ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது.

பழைய குத்தி கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து மழுங்கிவிடும். துணியால் துடைத்து, காய்ந்த கடதாசியில் சுற்றி வைத்தால் போதும்.

பிள்ளைகளுக்கு வீட்டுவேலை:

1. குத்தியில் உள்ள வருசத்தையும் மூன்று மொழி எழுத்தையும் வாசியுங்கள்.
2. தாத்தா பாட்டியிடம் அவர்களின் முதல் நாட்கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள்.
3. அந்தக் கூலிக்கு அன்று எவ்வளவு அரிசி வாங்கினார்கள், இன்றைய நாட்கூலிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது கணக்கைப் பெரியவர்களும் சேர்ந்து போடுவது நல்லது.